ஒரு சாண் ரோஸ் நிறம்

நங்கை,

போன திங்கட்கிழமை நித்யா வாஷிங் மெஷினிலிருந்து துணிகளை எடுத்தபோது, எல்லாவற்றுக்கும் அடியில் ஒரு தாள் கிடைத்தது. இரண்டு உள்ளங்கைகளைச் சேர்த்து விரித்த அளவுதான் இருக்கும். போடும்போது அது வெள்ளையாக இருந்ததை நான் பார்த்தேன். வெளியே வந்தபோது மங்கலான ரோஸ் நிறமாக இருந்தது. எந்தத் துணியிலிருந்து சாயம் இறங்கினாலும், அது வேறொரு துணியில் ஏறுவதற்கு முன் இந்தத் தாள் உறிஞ்சிக்கொள்ளுமாம். ஒரு தாளைப் போட்டுவிட்டால் வெள்ளை, சிவப்பு, கறுப்பு எல்லாவற்றையும் ஒரே தடவையில் துவைத்துவிடலாம் என்பது என் மருமகள் பெங்களூரிலிருந்து கொண்டுவந்த கொள்கை. எனக்கு அதில் நம்பிக்கை இல்லை. ஆனால் என்னிடம் யாரும் கேட்கவில்லை.

குப்பைக் கூடையில் போடப் போனவளிடம் அந்தத் தாளைக் கேட்டேன். எதற்கு என்றாள். வேண்டும் என்றேன். காரணம் சொல்லிப் பழக்கமில்லை எனக்கு, உங்களுக்குத் தெரியும்.

அது இப்போது மேஜைமேல் காய்ந்து கிடக்கிறது. உங்களுடைய அந்த ஒரு சேலையின் நிறம் அப்படியே.

உங்களுக்கு எழுதுகிறேன் என்று சொன்னபோது நித்யாவுக்கு 'நங்கை' என்ற சொல்லே தெரியவில்லை. கணவரின் அக்காவை எங்கள் பக்கத்தில் அப்படித்தான் கூப்பிடுவோம் என்று விளக்க வேண்டியிருந்தது. உன் புருஷன் கதிருடைய அத்தை, இதே வீட்டில் முப்பது வருஷத்துக்கு மேல் இருந்தார் என்றேன். "போட்டோல ஓரமா நிப்பாங்களே, வெள்ளைச் சேலை, அவங்களா?" என்றாள். ஆமாம், அவர்தான் என்றேன்.

உங்கள் அறையிலிருந்துதான் எழுதுகிறேன். முன்பக்கத்து மூன்று அறைகளையும் கதிர் சுற்றுலா வருகிறவர்களுக்கு வாடகைக்கு விடுகிறான். நல்ல படுக்கை, வெந்நீர், ஏரிக்குப் போக வழி சொல்லும் படம், எல்லாம் வைத்திருக்கிறான். எனக்குப் பின்னறைதான் வசதி, படி ஏற வேண்டாம் என்று அவனே முடிவு செய்தான். முப்பது வருஷம் நீங்கள் பார்த்த ஜன்னல் வழியாக இப்போது நான் பார்க்கிறேன். துணி காயும் கொடி, அதற்கப்பால் துவைக்கிற கல், அதற்கப்பால் காப்பிச் செடி, பிறகு பனி. இந்த ஜன்னலில் இவ்வளவுதான் தெரியும் என்று நீங்கள் ஒரு நாளும் சொன்னதில்லை.

ஐப்பசி மழையில் அந்தக் கல்லுக்குப் பக்கத்தில்தான் வழுக்கி விழுந்தேன். எலும்பு ஒன்றும் முறியவில்லை. ஆனாலும் கதிர் பின்வாசல் படிக்கு மேல் இடுப்பளவு கம்பிக் கதவு ஒன்று போட்டுவிட்டான். அதன் கொக்கி வெளிப்பக்கம், குனிந்து எட்டினால்தான் கைக்கு வரும். எனக்குக் குனிய வராது என்று அவனுக்குத் தெரியும். ஒரு கைத்தடியும் வாங்கிக் கொடுத்தான். நேற்று முன்தினம் வரை நான் அதைத் தொடவில்லை. துவைக்கக் கூடாது, பஜாருக்குப் போகக் கூடாது, தனியாகக் கேட்டைத் தாண்டக் கூடாது. யாரும் கடிந்து பேசுவதில்லை. எல்லோரும் அன்பாகத்தான் தடுக்கிறார்கள். அன்பாகத் தடுப்பவர்களிடம் சண்டை போடுவதற்கு ஒரு பிடியும் கிடைப்பதில்லை.

நான் இந்த வீட்டுக்கு மருமகளாக வந்தபோது துவைப்பதற்கு ஒரே ஒரு அண்டா இருந்தது. அதில் எல்லாத் துணியும் ஒன்றாகக் கிடந்ததைப் பார்த்து எனக்கு உடம்பு கூசியது. கான்வென்ட் ஹாஸ்டலில் பத்து வருஷம் படித்தவள் நான். அங்கே ஒவ்வொரு துணியிலும் நூலால் எண் தைத்திருப்போம். வெள்ளையில் ஒரு புள்ளி வேறு நிறம் இருந்தாலும் சிஸ்டர் அதை எல்லோருக்கும் முன்னால் தூக்கிக் காட்டுவார். கறை என்றால் கவனக்குறைவு என்று அர்த்தம், அவ்வளவுதான் அவருடைய வேதம். அதையே நானும் இங்கே கொண்டுவந்தேன். மூன்று தகர வாளிகள் வாங்கி, பெயிண்டால் ஒரு கோடு, இரண்டு கோடு, மூன்று கோடு போட்டேன். ஒரு கோட்டு வாளியில் வெள்ளை மட்டும். இரண்டு கோட்டில் வெளிர் நிறங்கள். மூன்று கோட்டில் அடர்ந்தவை. புதுத்துணி எந்த வாளிக்கும் போகாது. முதலில் அதன் ஓரத்தை நனைத்து, ஒரு வெள்ளைக் கைக்குட்டையை அதன்மேல் வைத்து அழுத்திப் பார்க்க வேண்டும். கைக்குட்டையில் நிறம் ஒட்டினால், கல்லுப்பு போட்ட பச்சைத் தண்ணீரில் தனியாக மூன்று முறை அலச வேண்டும்.

என்னைவிடப் பத்து வயது மூத்தவர் நீங்கள். கல்யாணமாகி இரண்டாம் வருஷமே கணவரை இழந்து தம்பி வீட்டுக்கு வந்தவர். நான் வந்த அன்று சமையலறைச் சாவியை என் கையில் கொடுத்துவிட்டு, வாளி விஷயத்திலும் நான் சொன்னபடியே நடந்தீர்கள். என்னிடம் கடைசி வரைக்கும் 'ங்க' போட்டுத்தான் பேசினீர்கள். அதை மரியாதை என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

ஒன்றே ஒன்று மட்டும் நீங்கள் எனக்குச் சொன்னது. மழைக்காலத்தில் அலசின துணிகளை ஒன்றன்மேல் ஒன்றாகக் கூடையில் போட்டுவிட்டு, பனி விலகட்டும் என்று காத்திருந்தேன். அப்போது வந்து பார்த்துவிட்டுச் சொன்னீர்கள்.

"ஈரத்துணியக் குமிச்சு வெக்காதீங்க அம்மிணி. துணிக்குத் துணி பேசிக்கும்."

சிரித்தேன். மறுநாள் பார்த்தால் கதிருடைய வெள்ளைச் சட்டையின் தோளில் என் பச்சைப் பாவாடையின் நிறம் பதிந்திருந்தது. துவைக்கும்போது அவ்வளவு பத்திரமாகப் பிரித்தும், இந்த மலையின் ஈரம் காயவிடாமல் வைத்தே கெடுத்துவிட்டது. கீழே சேலத்தில் ஒரு மணி நேரத்தில் காய்ந்துவிடும். இங்கே இரண்டு நாளானாலும் ஓரம் ஈரமாகவே இருக்கும். பிறகுதான் நீங்கள் துணியை ஒவ்வொன்றாக விரித்து, ஒன்றோடொன்று தொடாமல் கொடியில் போடுவதைக் கவனித்தேன். நிறங்களைப் பற்றி என்னைவிட உங்களுக்கு அதிகம் தெரிந்திருந்தது. நீங்கள் கட்டியது மட்டும் எப்போதும் வெள்ளை.

ஒரு கோட்டு வாளியில் உங்கள் சேலைகளும் என் கணவரின் வேட்டிகளும் ஒன்றாக ஊறும். அவருடைய வேட்டிக்குக் கரை இருந்தது. உங்கள் சேலையில் அதுவும் இல்லை.

களத்தைத் தாண்டி நீங்கள் போனது குறைவு. காப்பி காயப்போடும் அந்தக் களம்வரை வருவீர்கள், அங்கே நின்று ரோட்டைப் பார்ப்பீர்கள், திரும்பிவிடுவீர்கள். வருஷா வருஷம் மே மாதத்தில் சேர்வராயன் கோயில் திருவிழாவுக்கு எஸ்டேட் பெண்கள் எல்லோரும் ஜீப் பிடித்துப் போவார்கள். நம்மிடம் காப்பி பறிக்க வந்த மாரி உங்களைக் கூப்பிடாத வருஷம் இல்லை. நீங்கள் தம்பியிடம் கேட்பீர்கள். அவர் "பாக்கலாங்க்கா" என்பார். அதற்கு மேல் யாரும் பேச மாட்டோம். அவர் கெட்டவர் அல்ல, உங்கள்மேல் உயிரையே வைத்திருந்தார். வெள்ளைச் சேலை கட்டியவர் எதிரே வந்தால் திருவிழாக் கூட்டத்தில் நாலு பேர் முகம் சுளிப்பார்கள், அக்கா மனசு நோகும் என்று என்னிடம் சொல்வார். நான் அதை ஒத்துக்கொண்டேன். முகம் சுளிப்பவர்களைத் தடுப்பதைவிட உங்களைத் தடுப்பது எங்களுக்குச் சுலபமாக இருந்தது.

அந்த வருஷம் திருவிழாவுக்கு ஒரு வாரம் முன்னால் நான் குழந்தையைக் கூட்டிக்கொண்டு சேலத்தில் என் அம்மா வீட்டுக்குப் போயிருந்தேன். மூன்றாம் நாள் பஸ்ஸில் வந்து இறங்கி, கேட்டைத் திறக்கும்போதே கொடியில் கண் போயிற்று. நான் ஒரு தடவைகூடக் கட்டாத சிவப்புச் சுங்குடிச் சேலை, செங்கல் நிறமாக வெளிறித் தொங்கியது. பக்கத்தில் ரோஸ் நிறத்தில் ஒரு சேலை. யாருடையது என்று எனக்குத் தெரியவில்லை. பிறகு நீங்கள் அதன் பின்னாலிருந்து வந்தீர்கள்.

"சாயம் ஏறிருச்சுங்க அம்மிணி. புதுச்சேலைன்னு பாக்காம ஒண்ணாப் போட்டுட்டேனுங்க."

நீங்கள் என்னிடம் சொன்ன முதல் பொய் அது. கடைசிப் பொய்யும் அதுதான் என்று நினைக்கிறேன்.

மறுநாள் அந்தச் சேலையைக் கட்டிக்கொண்டு சமையலறைக்கு வந்தீர்கள். என் கணவர் காப்பி டம்ளரோடு நிமிர்ந்து பார்த்தார், மறுபடி பார்த்தார். சாயம் ஏறினதுக்கு என்ன பண்ணுறது, ஊட்டுக்குள்ள கட்டட்டும் என்று சொல்லிவிட்டு எழுந்துபோனார். எனக்கு ஆச்சரியமாக இருந்தது. நீங்களாக ஒரு ரோஸ் சேலை வேண்டும் என்று கேட்டிருந்தால் அந்த மனிதர் மூன்று நாள் சாப்பிட்டிருக்க மாட்டார். தானாக ஏறின நிறத்துக்கு மட்டும் யாரும் பொறுப்பில்லை. உங்களுக்குத் திறந்திருந்த ஒரே வழி அது, நீங்கள் அதைக் கண்டுபிடித்திருந்தீர்கள்.

மாரி களத்தில் நின்றுகொண்டு உங்களைப் பார்த்து வாயில் கையை வைத்துக்கொண்டாள்.

"ஏனுங்க பெரியம்மா, பொண்ணு பாக்க யாராச்சும் வர்றாங்களா? நொம்ப நல்லா இருக்குதுங்க. இதோடயே ஜீப்புல ஏறுங்க. யாரு கேப்பாங்க? சாயம் ஏறினதுக்குச் சாமி கோவிச்சுக்குமா?"

நீங்கள் சிரித்தீர்கள். பல் தெரியச் சிரித்ததை அன்றுதான் பார்த்தேன். போகிறேன் என்று சொல்லவில்லை. ஆனால் அன்று சாயங்காலம் உங்கள் செருப்பைக் கழுவி, வெயிலில் சாய்த்து வைத்திருந்தீர்கள். இந்தத் தடவை தம்பியைக் கேட்பதாக இல்லை என்று எனக்குப் புரிந்தது.

இனி எழுதப்போவதை உங்களிடம் நேரில் சொல்லியிருக்க வேண்டும். சொல்வதற்கு இருபது வருஷம் இருந்தது, நான் சொல்லவில்லை.

எனக்குத் தெரியும், நங்கை. அன்றே தெரியும். நீங்கள் குளிக்கப் போயிருந்தபோது அந்தச் சேலையைக் கொடியிலிருந்து எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். தவறிப்போய் ஏறும் சாயம் திட்டுத் திட்டாக ஏறும். மடிப்பில் கூடும், ஓரத்தில் குறையும். உங்கள் சேலையில் ஒரு திட்டு இல்லை. தலைப்பிலிருந்து தலைப்புவரை ஒரே ரோஸ். அப்படி வர வேண்டுமானால் வெந்நீர் வேண்டும், கைநிறைய உப்பு வேண்டும், ஒரு மணி நேரம் கோலால் திருப்பிக்கொண்டே இருக்க வேண்டும். வெந்நீர் அண்டாவின் உட்புறத்தில் மெல்லிய சிவப்புக் கோடு ஒன்று வளையமாக இருந்தது. உப்பு ஜாடி பாதி காலி. சாயம் போகாமல் இருக்க நான் சொல்லிக்கொண்டிருந்த அதே உப்பை நீங்கள் சாயம் ஏற்றுவதற்குப் போட்டிருந்தீர்கள்.

தெரிந்த பிறகும் உங்களிடம் போய், அந்தச் சேலையைக் கொடுங்கள், வெளுத்துத் தருகிறேன் என்றேன். இருக்கட்டுங்க அம்மிணி, ஊட்டுக்குள்ளதானே என்றீர்கள். இல்லை, திருவிழாவுக்கு விருந்தாளிகள் வருவார்கள், இதைப் பார்த்தால் என்ன நினைப்பார்கள் என்றேன். என் சேலை பாழானது பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. பெருந்தன்மை என்று நினைத்துக்கொண்டேன். உண்மை வேறு. அந்த நிறத்தில் நீங்கள் அழகாக இருந்தீர்கள். இந்த வீட்டில் நான் ஒருத்திதான் பெண் என்று அதுவரை நினைத்திருந்தேன் என்பது அந்தச் சேலையில் உங்களைப் பார்த்தபோதுதான் தெரிந்தது. அது எனக்குப் பிடிக்கவில்லை. கறை, ஒழுங்கு, விருந்தாளி என்றெல்லாம் நான் சொன்னது அதை மூடுவதற்கு.

நாளைக் காலையில் தர்றேனுங்க என்றீர்கள். காலையில் நாலாக மடித்துக் கொண்டுவந்து கொடுத்தீர்கள்.

சலவை சோடா போட்டுக் கொதிக்க வைத்தேன். பிளீச்சிங் பவுடர் கரைத்த தண்ணீரில் ஊற வைத்தேன். நாலு தடவை அலசினேன். கடைசி அலசலில் இரண்டு சொட்டு நீலம். நான் செய்த வேலைகளிலேயே சுத்தமான வேலை அது, சிஸ்டர் பார்த்திருந்தால் மெச்சியிருப்பார். நீங்கள் வாசற்படியில் நின்று முழுவதையும் பார்த்துக்கொண்டிருந்தீர்கள்.

"வெள்ளையாயிருச்சுங்களா?"

"ஆயிருச்சு."

"நல்லதுங்க."

திருவிழா அன்று மாரியும் மற்றவர்களும் போன ஜீப் நம் கேட்டுக்கு முன்னால் நின்று ஹாரன் அடித்தது. நீங்கள் களத்தின் ஓரத்துக்குப் போய்க் கையை ஆட்டினீர்கள். மாரி ஏதோ கேட்டாள். நீங்கள் உங்கள் சேலையைத் தொட்டுக் காட்டினீர்கள். அவள் திரும்பி வீட்டைப் பார்த்தாள். அங்கே ஜன்னலில் நான் நின்றிருந்தேன். ஜீப் போனபின் நீங்கள் வந்து மூன்று வாளிகளையும் நிரப்பித் துவைக்க உட்கார்ந்தீர்கள்.

அதற்குப் பிறகு அந்தச் சேலை உங்களுக்குக் கொஞ்சம் குட்டையாகிப்போனதைக் கவனித்தேன். கொசுவத்தில் ஒரு மடிப்பு குறைந்தது. எதையும் விடாமல் பார்க்கிறவள் நான். கொதிக்க வைத்ததில் துணி சுருங்கிவிட்டது, அடுத்த தடவை சோடாவைக் குறைக்க வேண்டும் என்று நினைத்துக்கொண்டேன்.

நீங்கள் போனபிறகு, இதே அறையில், உங்கள் டிரங்குப் பெட்டியை நான்தான் திறந்தேன். ஆறு வெள்ளைச் சேலைகள், ஒரு கம்பளி, சேலம் கல்யாணம் ஒன்றில் எடுத்த போட்டோ. அடியில் விரித்திருந்த காகிதத்துக்குக் கீழே ஒரு துணி. சேலையின் அகலம் முழுவதும், ஒரு சாண் நீளத்துக்குக் கிழித்தது. ஓரத்தைப் பிரிபிரியாக விடாமல் சின்னத் தையலாக மடித்துத் தைத்திருந்தீர்கள். ரோஸ் நிறம். வெளிச்சம் படாமல் இருந்ததால் துளியும் மங்கவில்லை.

சேலை சுருங்கவில்லை. என்னிடம் கொடுப்பதற்கு முந்தின சாயங்காலம் நீங்கள் உங்கள் பங்கைக் கிழித்து எடுத்துக்கொண்டு, மிச்சத்தைத்தான் என்னிடம் வெளுக்கக் கொடுத்திருக்கிறீர்கள். அத்தனை வருஷம் எனக்கு முன்னால் ஒரு மடிப்புக் குறைந்த சேலையைக் கட்டிக்கொண்டு நடந்திருக்கிறீர்கள். நான் சோடாவைக் கணக்குப் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறேன்.

அந்தத் துணியை யாருக்கும் காட்டவில்லை. என் கணவருக்கும் காட்டவில்லை. அவர் போய் இப்போது நாலு வருஷம். அவர் போனபோது நான் வெள்ளை கட்ட மாட்டேன் என்று எல்லோர் முன்னிலும் சொன்னேன். காலம் மாறிவிட்டது, யாரும் மறுக்கவில்லை. நித்யா கடைக்குப் போய் எனக்காகப் பார்த்துப் பார்த்து வாங்கி வந்தாள். சந்தனம், சாம்பல், வெண்ணெய் நிறம், மறுபடி சந்தனம். "உங்களுக்கு இதுதான் அத்தை நல்லா இருக்கும், டீசன்டா இருக்கும்" என்றாள். மூன்று வாளிகள் இன்றைக்கு இருந்தால் என் பீரோவில் இருக்கும் எல்லாமே இரண்டு கோட்டு வாளிக்குள் அடங்கிவிடும். வேறு நிறம் வேண்டும் என்று கேட்க என் கௌரவம் இடம் கொடுக்கவில்லை. கேட்டு வாங்குவது எனக்குப் பழக்கமில்லை. உங்களுக்கும் பழக்கமில்லாமல் போனதற்கு நான் ஒரு காரணம்.

மாரியின் மகள் செல்விதான் இப்போது முன்னறைகளைப் பெருக்கித் துடைக்கிறாள். மஞ்சக்குட்டையிலிருந்து ஷேர் ஜீப்பில் வருகிறாள். நாளைக்குத் திருவிழா. போன வாரம், அந்தத் தாளை நான் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்த அன்று, துடைப்பத்தைச் சாய்த்துவிட்டு என் கதவருகில் நின்றாள்.

"எங்கம்மா சாகற வரைக்கும் சொல்லிட்டே இருந்துச்சுங்க. உங்க ஊட்டுப் பெரியம்மாளக் கோயிலுக்குக் கூட்டிட்டுப் போக முடியலையேன்னு. நீங்களாச்சும் வாங்க. முன் சீட்டு உங்களுக்குத்தானுங்க."

கதிரிடம் சொன்னேன். அவன் என்னை அன்போடு பார்த்தான். கூட்டம், மேடு, ஜீப் குலுக்கும் என்றான். தோளில் கை வைத்துச் சொன்னான்.

"பாக்கலாம்மா."

அவனுடைய அப்பாவின் குரல். அதே இடைவெளி, அதே மென்மை. உங்களுக்கு ஒவ்வொரு மே மாதமும் என்ன கிடைத்தது என்று எனக்கு அப்போதுதான் தெரிந்தது. அது கதவுகூட இல்லை, தட்டுவதற்கு.

செல்வியை அழைத்து ஒரு சிவப்புச் சுங்குடி வாங்கி வரச் சொன்னேன். சாயம் போகிறதாகப் பார்த்து வாங்க வேண்டும் என்றேன். அவள் பஜாரில் போய் அப்படியே கேட்டிருக்கிறாள். கடைக்காரர் கோபித்துக்கொண்டாராம். "எங்க கடைல சாயம் போற பேச்சே கெடையாதுன்னு கத்திப்போட்டு, அப்புறம் மெதுவா உள்ள போயி ஒண்ண எடுத்துட்டு வந்தாருங்க" என்று சொல்லிச் சிரித்தாள். ஓரத்தை நனைத்து வெள்ளைக் கைக்குட்டையை வைத்து அழுத்தினேன். பழைய பழக்கம். கைக்குட்டை சிவந்தது. இத்தனை வருஷத்தில் அதைப் பார்த்து நான் சந்தோஷப்பட்டது அதுதான் முதல் தடவை.

நேற்று முன்தினம் கதிர் சேலத்துக்குப் போயிருந்தான், நித்யா விருந்தாளிகளோடு ஏரிக்கு. செல்வி பின்தாழ்வாரத்தில், கம்பிக் கதவுக்கு இந்தப் பக்கம், பெரிய வாளியில் கொதிக்கும் வெந்நீர் கொண்டுவந்து வைத்தாள். மூன்று கை கல்லுப்பு. முதலில் சுங்குடி, தண்ணீர் நன்றாகச் சிவந்தபின் அதை எடுத்துவிட்டு என் வெண்ணெய் நிறச் சேலை. கிளறுவதற்குக் கோல் இல்லை. கதிர் வாங்கிக் கொடுத்த கைத்தடியை எடுத்தேன். நாற்காலியில் உட்கார்ந்து ஒரு மணி நேரம் திருப்பினேன். தோள் கழன்றுவிட்டது. செல்வி வாங்கிக்கொள்ள வந்தாள், விடவில்லை. இடையிடையே உங்கள் ஒரு சாண் துணியை மடியிலிருந்து எடுத்து, ஈரச்சேலையின் ஓரத்தோடு வைத்துப் பார்த்தேன். முதலில் வெளிர், பிறகு பக்கத்தில் வந்தது. இரண்டுக்கும் வித்தியாசம் தெரியாத இடத்தில் நிறுத்தினேன். நீங்கள் திட்டில்லாமல் சாயம் ஏற்றியிருந்தீர்கள். என்னுடையதில் இரண்டு இடத்தில் திட்டு இருக்கிறது. உங்கள் கை எனக்கு வரவில்லை.

செல்வி அதைக் கொடியில் போட்டுக்கொண்டிருந்தபோது நித்யா வந்துவிட்டாள். சேலையைப் பார்த்தாள், செல்வியைப் பார்த்தாள், பதறிப்போனாள். நல்ல பெண். ஓடிப்போய் ஒரு பிளாஸ்டிக் பாட்டிலை எடுத்து வந்தாள்.

"ஒண்ணும் கவலைப்படாதீங்க அத்தை. ஈரம் காயறதுக்குள்ள இதுல ஊற வெச்சா ஃபுல்லா போயிடும். பழையபடி ஆயிடும்."

வாசற்படியில் நீங்கள் நின்ற மாதிரி நான் நின்றிருந்தேன். அவள் கையில் பாட்டில் இருந்தது. நல்லது என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், எல்லாம் பழையபடி ஆகிவிடும். ஒரு நிமிஷம் என் வாயிலும் அதுதான் வந்தது. அதை விழுங்கிக்கொண்டு சொன்னேன்.

"கறை இல்ல நித்யா. நான் ஏத்தின கலர்."

அவள் ஏன் என்று கேட்டாள். நான் காரணம் சொல்லிப் பழக்கமில்லாதவள். ஆனால் அன்று சொன்னேன். உங்களைப் பற்றி, ஜீப்பைப் பற்றி, சோடாவைப் பற்றி. நான் தெரிந்தே செய்தேன் என்பதையும் சொன்னேன். அவள் பாட்டிலின் மூடியைத் திருகிக்கொண்டே கேட்டாள். கடைசியில் உங்கள் துணியைப் பார்க்கலாமா என்றாள். காட்டினேன். தொடவில்லை. கையைத் துடைத்துக்கொண்டு பிறகுதான் தொட்டாள்.

இன்று மத்தியானம் சாப்பிடும்போது கதிரிடம் சொன்னேன். நாளைக் காலை ஆறு மணிக்குச் செல்வி ஜீப்போடு வருவாள், நான் கோயிலுக்குப் போகிறேன் என்றேன். அவன் தட்டிலிருந்து நிமிர்ந்து, பாக்கலாம்மா என்றான்.

"பாக்கலாம்னா இந்த ஊட்டுல என்ன அர்த்தம்னு எனக்குத் தெரியும் கதிர். உன் அத்தைகிட்ட உங்கப்பா சொல்றத வருசா வருசம் பக்கத்துல நின்னு கேட்டவ நான். உன்னை நான் கேக்கல. சொல்றேன்."

நித்யா அவன் தட்டில் ரசத்தை ஊற்றிக்கொண்டே, அத்தைக்கு முன் சீட்டுதானாம், நானும் பின்னால ஏறிக்கறேன் என்று மட்டும் சொன்னாள். அவன் கொஞ்ச நேரம் சாதத்தைப் பிசைந்தான். சாமி இருக்கற குகைக்குள்ள குனிஞ்சுதான் போகணும், உன்னால குனிய முடியாதே என்றான். அது உண்மை. குனிய முடியாவிட்டால் வாசலில் நின்று கும்பிட்டுவிட்டு வருகிறேன் என்றேன். நீங்கள் அந்த வாசல்வரைகூடப் போகவில்லை.

இப்போது சாயங்காலம். ஜன்னலில் பனி இறங்கிவிட்டது, கல் தெரியவில்லை, கொடி மட்டும் தெரிகிறது. நாளை இந்த முழங்கால் என்ன சொல்லுமோ தெரியாது. கதிர் காலையில் மனம் மாறி ஜீப்பைத் திருப்பி அனுப்பினாலும் அனுப்புவான். ஆனால் வழக்கமாக விளக்கு வைப்பதற்குள் மாட்டிவிடும் கம்பிக் கதவின் கொக்கியை நித்யா இன்று மாட்டவில்லை. அவள் எதையும் மறக்கிறவள் அல்ல.

உங்களிடம் மன்னிப்புக் கேட்க இதை எழுதவில்லை. கேட்டால் 'நல்லதுங்க' என்று சொல்லிவிடுவீர்கள், அதைத் தாங்க எனக்கு இப்போது தெம்பு இல்லை. உங்கள் துணி என்னிடம் இருக்கிறது என்று சொல்லத்தான் எழுதுகிறேன். இத்தனை வருஷம் என் பீரோவில், வெள்ளைத் துணிகளோடு சேராமல், தனியாகக் காகிதத்தில் சுற்றி வைத்திருந்தேன். நாளை அதை முந்தானையில் முடிந்துகொண்டு போவேன்.

சேலையைக் கொடியிலிருந்து எடுத்துவிட்டேன். இரண்டு நாளாகியும் ஓரத்தில் இன்னும் கொஞ்சம் ஈரம் இருக்கிறது. விரித்துப் போட வேண்டும் என்று தெரியும். ஆனாலும் உங்கள் ஒரு சாணை நடுவில் வைத்து, இரண்டையும் சேர்த்து மடித்து, தலைமாட்டில் வைத்திருக்கிறேன்.

காலைவரை பேசிக்கொள்ளட்டும்.